மாவட்டமாகக் கூட்டினால் ஆந்திரா, ஊராகப் பிரித்தால் தமிழகம்

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் போனது. முருகனின் ஆறுபடை வீடுகளில் ஒன்றான திருத்தணியும் அந்த மாவட்டத்தில் இருந்ததால் கூடவே போனது. 1960 ஏப்ரல் 1 அன்று அதே திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. இடையில் புதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. கையில் இருந்தது 1951-ஆம் ஆண்டுக் கணக்குதான். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் இல்லாமல் இந்த மாற்றம் நடந்திருக்காது. ஆனால் அந்தப் போராட்டத்துக்குள் ஒரு புள்ளியியல் கேள்வியும் இருந்தது: எண்களை எந்த அலகில் தொகுப்பது?

கற்பனையாக மூன்று ஊர்களை எடுத்துக்கொள்வோம். முதல் ஊரில் 1,000 பேர்; தமிழ் பேசுவோர் 700, தெலுங்கு பேசுவோர் 300. இரண்டாவது ஊரிலும் 1,000 பேர். தமிழ் 600, தெலுங்கு 400. மூன்றாவது பெரிய ஊர், 3,000 பேர். தமிழ் 500, தெலுங்கு 2,500. மூன்றையும் ஒரே தொகுதியாகக் கூட்டினால் தமிழ் 1,800, தெலுங்கு 3,200. தெலுங்குப் பகுதி என்று எழுதிவிடலாம். ஊர் ஊராகப் பார்த்தாலோ மூன்றில் இரண்டு தமிழ் ஊர்கள். ஒரு தலைகூடக் கூடவில்லை, குறையவில்லை. கோட்டை எங்கே போட்டோம் என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

எல்லைத் தகராற்றைத் தீர்க்க அமர்த்தப்பட்ட எச்.வி. படாஸ்கர் கிராமத்தையே அலகாக எடுத்தார். அந்த ஊரின் மொழிப் பெரும்பான்மை, நிலத்தொடர்ச்சி ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். நிலத்தொடர்ச்சி என்ற நிபந்தனை மிக முக்கியம். அலகைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் தெருவுக்கு ஒரு மாநிலம் என்றாகிவிடும். அவருடைய பரிந்துரையின்படி 1959-இல் சட்டம் வந்தது. முந்நூறுக்கு மேற்பட்ட ஊர்கள் இந்தப் பக்கம் வந்தன. பொன்னேரி, திருவள்ளூர் பகுதிகளிலிருந்து சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின.

தொகுப்பதற்கு முந்தைய படியிலும் இதே சிக்கல் உண்டு. 1951-இல் ஆளுக்கொரு சீட்டு எழுதி, அவற்றைக் கையால் பிரித்து எண்ணினார்கள். தாய்மொழி என்ற இடத்தில் ஒரே ஒரு விடைதான் எழுத முடியும். வீட்டில் ஒன்று, சந்தையில் ஒன்று என இரண்டு மொழியிலும் புழங்கும் எல்லையோரக் குடும்பமும் ஏதாவது ஒரு கட்டில்தான் விழும். இன்னொரு மொழி தெரியுமா என்று தனியாகக் கேட்டார்கள் என்றாலும், பெரும்பான்மையைத் தீர்மானித்தது தாய்மொழிச் சீட்டுதான்.

பள்ளிக் கணக்கில் வரும் நிகழ்வெண் பட்டியலும் இதைத்தான் செய்கிறது. மதிப்பெண்களை 30–40 என்று ஒரு பிரிவில் போட்டால், 31 வாங்கித் தவறிய பிள்ளையும் 38 வாங்கித் தேறிய பிள்ளையும் ஒரே கட்டில் உட்காருவார்கள். சராசரி காணும்போது பிரிவின் நடுமதிப்பான 35-ஐ இருவருக்கும் கொடுக்கிறோம். 35 தேர்ச்சி மதிப்பெண்! தவறிய பிள்ளை தாளில் தேறிவிடுகிறது. 25–35, 35–45 என்று பிரித்து, 35-ஐ மேல் பிரிவில் சேர்த்திருந்தால் தேறியவர்களும் தவறியவர்களும் தனித்தனியே தெரிந்திருப்பார்கள். பிரிவு இடைவெளியை எங்கே தொடங்குவது என்பதைப் பாடத்தில் ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். அங்கேதான் நின்று பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

உலக அளவில் இதன் வீச்சைக் காட்டியவர்கள் ஸ்டான் ஓபன்ஷா, பீட்டர் டெய்லர் என்ற பிரிட்டன் புவியியலாளர்கள். 1979-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து 99 மாவட்டங்களை விதவிதமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். முதியோர் விகிதத்துக்கும் குடியரசுக் கட்சி வாக்குக்கும் உள்ள ஒட்டுறவைக் கிட்டத்தட்ட −1 முதல் +1 வரை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோக முடிந்தது. தரவு ஒன்றே, தொகுப்பு மட்டும் வேறு.

மாவட்டச் சராசரி, மண்டலத் தேர்ச்சி விகிதம் என்று செய்தித்தாளில் ஒரு எண்ணைப் பார்த்தால், அதை எந்த அலகில் கூட்டினார்கள் என்று கேளுங்கள். கணித ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒரே வகுப்பின் மதிப்பெண்களை இரண்டு விதமாகப் பிரித்து இரண்டு வரைபடங்கள் போடச் சொல்லுங்கள்.