வசைச்சொல்லான கட்டுமரம்

ராமேசுவரம் தீவுக்கு வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவை மீனவர்கள் பெண்கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். அலை அடங்கிக் கிடக்கும் பெண்கடலில் வத்தை, வல்லம் போன்ற குழிவான படகுகள் ஓடும். அலை சுருண்டு வந்து கரையில் அறையும் இடத்தில் குழிவான படகை இறக்கினால் தண்ணீர் ஏறிக் கவிழ்ந்துவிடும். அங்கே கட்டுமரம்தான் சரி. தண்ணீர் தேங்க அதில் பள்ளமே கிடையாது. மேலே ஏறிய அலை கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கிவிடும். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காயப்போட்டுவிடலாம்.

கிழக்குக் கரை முழுக்கப் புழங்கிய இந்தக் கலத்தின் பெயர்தான் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆனது. இது பலருக்குத் தெரிந்த செய்தி. எப்படி ஆனது என்பதுதான் சுவாரசியம்.

ஆங்கில அச்சில் இந்தச் சொல் தலைகாட்டுவது 17ஆம் நூற்றாண்டின் கடைசியில். கடற்கொள்ளைக்காரராக இருந்து எழுத்தாளரான வில்லியம் டாம்பியரின் பயண நூல் 1697இல் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜான் ஃப்ரையரின் நூல் 1698இல். இரண்டிலும் கட்டுமரம் இருக்கிறது. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருக்கத் தேவையில்லை. அதற்குள் கப்பல்காரர்கள் வாயில் சொல் புழங்கியிருக்க வேண்டும்.

ஏட்டைப் பார்த்துக் கற்ற சொல் அல்ல இது, காதால் கேட்டது. அதற்குத் தடயம் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. ‘கட்டு’ என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம். உதட்டைக் குவிக்காமல் அரை மாத்திரையில் முடிந்துவிடும். ஆங்கிலக் காது அதை உகரமாகவே எடுத்துக்கொள்ளவில்லை, தெளிவற்ற ஓர் அகரமாக்கிக்கொண்டது. ‘மரம்’ என்று எழுதினாலும் பேச்சில் நாம் இறுதி மகரத்தை முழுசாகச் சொல்வதில்லை, மூக்கொலியாக நழுவவிடுகிறோம். ஆங்கிலச் சொல்லின் கடைசியில் னகரம் நிற்பதற்கு அதுவே காரணம் என்று கொள்ள இடமுண்டு.

சரி, காதில் விழுந்த சொல்லெல்லாம் நிலைத்துவிடுமா? 1973இல் அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் ஒரு கருத்தை வைத்தார். புதுச் செய்தி நமக்கு நெருங்கியவர்கள் மூலம் வருவதைவிட, அரைகுறைப் பழக்கமுள்ளவர்கள் மூலம்தான் அதிகம் வருகிறது என்பது அது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்துதானே இருக்கும்! மொழியியலாளர்கள் ஜேம்ஸ் மில்ராய், லெஸ்லி மில்ராய் இருவரும் 1985இல் இதை மொழி மாற்றத்துக்குப் பொருத்திக் காட்டினார்கள். கப்பல்காரனைவிட இதற்குப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான். எல்லாத் துறைமுகத்திலும் நாலு பேரைத் தெரியும், எந்த ஊருக்கும் அவன் சொந்தமில்லை. அன்றைய சென்னையில் துறைமுகமும் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு அலையைத் தாண்டி வந்தவர் கட்டுமரக்காரர். வந்திறங்கும் வெள்ளைக்காரர் கண்ணில் முதலில் பட்ட சென்னைக்காரர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

அதன்பிறகு சொல் தறிகெட்டு ஓடியது. 1804 அக்டோபரில் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க, வெடிமருந்து நிரப்பிக் கடிகார விசை பொருத்திய பெட்டிகளை பூலோன் துறைமுகத்தில் மிதக்கவிட்டது ஆங்கிலேயக் கடற்படை. அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த அந்தப் பெட்டிகளுக்குப் பெயர் கேட்டமரான். தாக்குதலால் பெரிய பலன் இல்லை. 1830களில் கடற்படைக் கேப்டன் ஃபிரெடரிக் மேரியட்டின் ‘பீட்டர் சிம்பிள்’ நாவலில் கேட்டமரான் என்றால் சண்டைக்காரக் கிழவி! பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்ற ஒலி தொடக்கத்தில் இருப்பது அந்த வசைக்குத் தோது செய்திருக்கலாம். 1876இல் நதானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகை நியூயார்க் பந்தயத்தில் விட்டு எல்லோரையும் முந்தினார். பெயர் அந்த வகைப் படகில் ஒட்டிக்கொண்டது. கட்டையுமில்லை, கட்டுமில்லை. பசிபிக் தீவுக்காரர்களின் வடிவத்துக்குத் தமிழ்ப் பெயர்.

சொல் நிலைக்க அது பலவகை மனிதர் வாயில் புழங்க வேண்டும், புதுப்புதுப் பொருள்களை ஈன வேண்டும் என்கிறார் ‘புதுச் சொற்களைக் கணித்தல்’ பற்றி 2002இல் நூல் எழுதிய ஆலன் மெட்காஃப். கட்டுமரம் இரண்டையும் செய்தது. வசையாகப் போனதுகூட அதற்கு உரமே.

இதே கடலில் புழங்கிய இன்னொரு சொல்லைப் பாருங்கள்: சங்கு. கீழக்கரை வட்டாரத்தில் குளித்தெடுத்த சங்கு வங்காளத்துக்கு வளையல் செய்யப் போனது. பெரிய வியாபாரம். ‘சேங்க்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார்கள். மீன்வளத்துறை அதிகாரி ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆனாலும் மீன்வளத்துறைக் கோப்புகளைத் தாண்டி அது போகவில்லை. ஆங்கிலத்தில் ஏற்கெனவே ‘காங்க்’ உட்கார்ந்திருந்தது; கிரேக்கம் வழியாகப் போன, வடமொழி ‘சங்க’ என்ற சொல்லின் தூரத்து உறவு. காலி இடம் இல்லாத வீட்டில் சங்குக்கு என்ன வேலை?

2012இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ஆய்வுக் கப்பல் ‘மகர்’ இரட்டை உடல் கொண்டது. அதன் வகைப்பெயர் கேட்டமரான். நம் கரையிலோ பைபர் படகும் தெர்மாகோல் தெப்பமும் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

கப்பலேறாத சொற்கள் இன்னும் நிறைய. காற்றைச் சோழகம், கச்சான், கொண்டல், வாடை என்று திசைபார்த்துச் சொல்லும் பெரியவர்கள் நம் கடலோர ஊர்களில் இருக்கிறார்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வீடுள்ள மாணவர்கள் தாத்தா பாட்டி பேசுவதைக் கைபேசியில் பதிந்து வையுங்கள். எந்தப் பருவத்தில், எந்தத் தொழிலில் அந்தச் சொல் வரும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.