சராசரிக்குள் மறைந்திருந்த சிறுமிகள்

"டீச்சர், தடுப்பூசி போடத் தாதியர் வந்தபோது பெண்பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டார்கள். இது நியாயமா?"

படிவம் 2 வகுப்பில் ஒரு மாணவன் இப்படிக் கேட்டான். "ஊசியைக் கண்டால் ஓடுகிறவன் நீ, உனக்கு என்ன கவலை?" என்று ஒரு மாணவி கேலி செய்ய, வகுப்பே சிரித்தது. ஆனால், அவன் கேட்டது நல்ல கேள்வி. 'யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை' என்பது பொதுச் சுகாதார ஆய்வாளர்களும் கேட்கும் கேள்விதான்.

அவன் சொன்னது எச்.பி.வி. தடுப்பூசி. மலேசியப் பள்ளிகளில் 13 வயது மாணவிகளுக்காக 2010-இல் இத்திட்டம் தொடங்கியது. எச்.பி.வி. நச்சுயிரி கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் என்பதால் பெண்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. இதற்கு மருத்துவக் காரணம் உண்டு.

தட்டம்மையும் போலியோவும் அப்படியல்ல. அவை ஆண், பெண் பார்த்துத் தொற்றுவதில்லை. அந்தத் தடுப்பூசிகள் ஆண் குழந்தைக்குக் கிடைத்து, பெண் குழந்தைக்குக் கிடைக்காமல் போனால் காரணத்தை உடலில் தேடக்கூடாது. சமுதாயத்தில் தேட வேண்டும். இந்தியாவில் இந்த வேறுபாடு பல ஆண்டுகள் நீடித்தது.

முதலில் ஒரு கணக்கு

ஓர் ஊரில் 50 ஆண் குழந்தைகளும் 50 பெண் குழந்தைகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 60 பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டனர். அறிக்கையில் 60 விழுக்காடு என்று எழுதுவார்கள். அந்த 60 பேரில் 30 ஆண்களும் 30 பெண்களும் இருக்கலாம். 40 ஆண்களும் 20 பெண்களும் இருக்கலாம். இரண்டுக்கும் விழுக்காடு ஒன்றுதான். தரவைப் பிரித்துப் பார்த்தால்தான் விடுபட்டவர்கள் யார் என்பது தெரியும்.

இந்தியாவின் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு அப்படிப் பிரித்துப் பார்த்தது. 2005-06 கணக்கெடுப்பின்படி, 12 முதல் 23 மாத வயதுடைய குழந்தைகளில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினர் எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளையும் பெற்றிருந்தனர். ஆண் குழந்தைகளில் இது 45 விழுக்காடு. பெண் குழந்தைகளில் 42 விழுக்காடு.

மூன்று விழுக்காடுதானே என்று தோன்றலாம். இன்னும் பிரித்துப் பார்ப்போம். 1992-93 கணக்கெடுப்பைக் கொண்டு ரோகினி பாண்டே என்னும் ஆய்வாளர் இந்தியக் கிராமப்புறக் குழந்தைகளை ஆராய்ந்தார். அந்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. அக்காமார் பலருக்குப் பின் பிறந்த பெண் குழந்தைகள் தடுப்பூசியிலும் ஊட்டச்சத்திலும் பின்தங்கியிருந்தனர். அக்காமார் பலருக்குப் பின் பிறந்த ஆண் குழந்தைகளோ மற்ற எல்லாரையும்விட நல்ல நிலையில் இருந்தனர். வீடு அதே மாதிரி வீடுதான். பிறந்த குழந்தை ஆணா, பெண்ணா என்பதுதான் வேறு.

இலவச ஊசிக்கும் விலை உண்டு

இந்தியாவில் அரசு போடும் தடுப்பூசிக்குக் கட்டணம் இல்லை. ஆனால், கிளினிக் தூரத்தில் இருந்தால் பஸ் கட்டணம் வேண்டும். தாயோ தந்தையோ ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். கையில் காசு குறைவாக இருக்கும்போது 'இந்தப் பிள்ளைக்காகச் செலவு செய்யலாமா?' என்ற கேள்வி எழுகிறது. மகனே பிற்காலத்தில் காப்பாற்றுவான் என்று நம்பும் குடும்பத்தில் மகளின் ஊசி தள்ளிப்போகும். தாயின் நிலையும் முக்கியம். தாய் அதிகம் படித்திருந்தால் பிள்ளைகள் தடுப்பூசி பெறும் வாய்ப்பும் அதிகம் என்பதை இதே கணக்கெடுப்புகள் காட்டுகின்றன.

இதனால் பாதிப்பு மகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். தட்டம்மை மிக வேகமாகப் பரவும். அதைத் தடுக்க ஏறக்குறைய 95 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பாற்றல் தேவை. இந்தியாவில் அதற்கான முதல் ஊசி ஒன்பதாம் மாதத்தில்தான் போடப்படுகிறது. ஊசி போடாத அக்காவுக்குத் தட்டம்மை வந்தால், வீட்டிலிருக்கும் ஆறு மாதத் தம்பிக்கும் தொற்றலாம். மகளுக்கு மறுத்த பாதுகாப்பு, மகனுக்கும் இல்லாமல் போகிறது.

இடைவெளி குறைந்தது

இந்நிலை மாறியிருக்கிறது. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதாரத் திட்டத்தின் கீழ், 'ஆஷா' எனப்படும் பெண் சுகாதாரப் பணியாளர்கள் அவரவர் கிராமத்திலேயே நியமிக்கப்பட்டனர். வீடு வீடாகச் சென்று தாய்மாருக்குத் தடுப்பூசி நாளை நினைவூட்டினர். 2014 டிசம்பரில் தொடங்கிய 'இந்திரதனுஷ்' இயக்கம், விடுபட்ட குழந்தைகளைத் தேடிச் சென்றது. 2015-16 கணக்கெடுப்பில் முழுத் தடுப்பூசி பெற்றோர் 62 விழுக்காடாக உயர்ந்தனர். நாடு முழுவதற்குமான கணக்கில் ஆண், பெண் இடைவெளி ஏறத்தாழ மறைந்திருந்தது. 2019-21 கணக்கெடுப்பில் இந்த விகிதம் 76 விழுக்காட்டை எட்டியது.

அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "வேறுபாடு இருந்தாலே அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. காரணத்தைக் கேள். அது மருத்துவக் காரணமா, பழக்கமா என்று பார்." ஆஸ்திரேலியா 2013 முதல் மாணவர்களுக்கும் எச்.பி.வி. ஊசி போடுகிறது என்பதையும் சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் வாடியது!

இவ்வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் உங்கள் குழந்தைப் பருவச் சுகாதாரப் புத்தகத்தை அம்மாவிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் அக்கா, தம்பியின் புத்தகத்தையும் பக்கத்தில் வையுங்கள். எல்லாக் கட்டங்களிலும் தேதி இருக்கிறதா? ஏதேனும் விடுபட்டிருந்தால் பெற்றோருடன் கிளினிக்குக்குச் சென்று கேளுங்கள்.