அஞ்சு தடவையும் ஒரே விடை! அப்போ சரிதானே?

நுட்பம், துல்லியம் ரெண்டும் ஒண்ணுதான்னு நான் நினைச்சிட்டு இருந்தேன். இல்லை என்று ஆய்வகத்தில் ஒருநாள் புரிந்தது.

அன்று ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தின் விட்டத்தை வெர்னியர் அளவியால் அளந்தேன். ஐந்து முறையும் 2.38 செ.மீ. வந்தது. என் தோழி சாதாரண ஸ்கேலில் வைத்துப் பார்த்து 2.3 என்றாள். "ஸ்கேல்ல அளந்தா அப்படித்தான் வரும், போடி" என்று சிரித்தேன். டீச்சர், "நாணயத்தை எடுத்துட்டு ரெண்டு தாடையையும் ஒட்டி வச்சுப் பாரும்மா" என்றார்கள். பார்த்தால், சுழியும் சுழியும் சேரவே இல்லை! வெர்னியரின் சுழி வலப்பக்கம் தள்ளி இருந்தது. அதன் 8-ஆவது கோடுதான் பொருந்தியது. மீச்சிற்றளவு 0.01 செ.மீ., அதனால் சுழிப்பிழை 0.08 செ.மீ. கழித்தால் 2.30. தோழி சொன்னதுதான் சரி!

திரும்பத் திரும்ப அளக்கும்போது விடைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வந்தால் அது நுட்பம். விடை உண்மையான அளவுக்கு நெருக்கமாக இருந்தால் அது துல்லியம். என் அளவீட்டில் நுட்பம் இருந்தது, துல்லியம் இல்லை. கருவியிலேயே பிழை இருந்தால், நூறு முறை அளந்தாலும் அதே பிழைதான் வரும். சராசரி எடுத்தாலும் போகாது.

பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கும் இப்படி நடந்திருக்கிறது. 1990-இல் அமெரிக்காவின் நாசா, ஹப்பிள் தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்பியது. அதன் முதன்மை ஆடி 2.4 மீட்டர் அகலம். அவ்வளவு நுட்பமாகத் தேய்த்து வழவழப்பாக்கிய ஆடி அது. ஆனால் வந்த படங்களோ மங்கல்! விசாரித்தபோது, ஆடியைச் சோதித்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது தெரிந்தது. அதனால் ஆடியின் விளிம்பு, தலைமுடியின் தடிமனில் சுமார் 50-இல் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாகத் தேய்ந்துவிட்டது. வேறு சில கருவிகள் முன்பே பிழையைக் காட்டின. அவை அவ்வளவு நுட்பமான கருவிகள் இல்லை என்று விட்டுவிட்டார்கள். நான் ஸ்கேலைப் பார்த்துச் சிரிச்ச மாதிரியேதான்! 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய், அந்தப் பிழையைச் சரிசெய்யும் கருவிகளைப் பொருத்தினார்கள். அதன் பிறகே படங்கள் தெளிவாக வந்தன.

ஆகவே நண்பர்களே, அளக்கும் முன் சுழிப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் இன்னொரு கருவியாலும் அளந்து பாருங்கள். வேறு விடை சொல்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நான் என் தோழியிடம் ஸாரி சொல்லிட்டேன்!