உங்களுக்குத் தெரியுமா? குளிர் மேலே ஏறும் ஃபிரிட்ஜ்

குளிர்ந்த காற்று கனமானது; தானாகவே கீழே இறங்கும். பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஐஸ் பெட்டியை உச்சியில் வைத்ததற்கு அதுதான் காரணம். ஃபேன் எதுவும் இல்லாமலே குளிர் தட்டுத் தட்டாக இறங்கிக் காய்கறிப் பெட்டி வரைக்கும் வந்துவிடும். ஃப்ரீசர் கீழே இருக்கும் மாடலில் வேலை தலைகீழ். பெரும்பாலான மாடல்களில் குளிரை உண்டாக்கும் காயில் கீழே, ஃப்ரீசரின் பின்தகட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து ஒரு சின்ன ஃபேன்தான் காற்றை முதுகுப்பக்க வழியில் மேலே தள்ளிவிடுகிறது. அந்த ஃபேனையும் அந்த வழியையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், இந்த வகை ஃபிரிட்ஜில் வருகிற பல கோளாறுகள் நமக்கே பிடிபட்டுவிடும்.

*

"கேஸ் போயிட்டு அக்கா, ஏத்தணும்." தென்காசிப் பக்கம் ஃபிரிட்ஜ் கூலாகவில்லை என்றதும் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. ஆனால் அந்த கேஸ், பைக்கில் பெட்ரோல் தீர்வதுபோலத் தீர்ந்துபோகாது. மூடிய குழாய்க்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவை அடைக்காமல் ஏற்றிய கேஸ் மறுபடியும் வெளியே போகும். கொடுத்த பணமும் கூடவே போகும்.

கீழே ஐஸ்கிரீம் கல்லாக இருக்கிறது, மேலே பால் திரிந்துபோகிறது என்றால் கேஸ் மேல் சந்தேகப்படவே வேண்டாம். குளிர் உண்டாகிறது, மேலே ஏறவில்லை, அவ்வளவுதான். மேலேயும் கீழேயும் ஒன்றாகக் குளிர் குறைந்தால்தான் கம்ப்ரசர், ரிலே, கேஸ் என்று யோசிக்க வேண்டும்.

*

ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்க மெக்கானிக் வரத் தேவையில்லை. கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கதவு திறந்ததும் ஃபேனை நிறுத்துவது பல மாடல்களில் அதுதான். கம்ப்ரசர் ஓடும்போது அதை விரலால் அழுத்திப் பிடித்துக் காது கொடுங்கள். மெல்லிய காற்றுச் சத்தம் கேட்டால் ஃபேன் உயிரோடு இருக்கிறது. சத்தமே இல்லையென்றாலோ, இறக்கை எதிலோ உரசுகிற கரகரப்பு கேட்டாலோ, ஃபேன் மோட்டார் போயிருக்கலாம். ஃபேனைச் சுற்றி ஐஸ் கட்டியிருக்கலாம். பொத்தான் தெரியாத புது மாடல்களில் காந்த சென்சார் இருக்கும்.

அடுத்ததாக, ஃப்ரீசரின் டிராயர்களை வெளியே எடுத்துவிட்டுப் பின்தகட்டைப் பாருங்கள். நன்றாக ஓடுகிற ஃபிராஸ்ட்-ஃப்ரீ ஃபிரிட்ஜில் அந்தத் தகடு சுத்தமாக இருக்கும். வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தால், உள்ளே காயில் முழுக்க ஐஸ் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். காற்று நுழைய இடமில்லை. மேல்தட்டுக்குக் குளிர் எப்படிப் போகும்?

*

நம்ப முடியாத ஒன்று: அக்னி நட்சத்திரத்தைவிட குற்றாலச் சாரல் காலத்தில்தான் ஃபிரிட்ஜுக்குள் அதிக ஈரம் போகிறது. கணக்கு எளிது. 38 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 14 கிராம் நீராவி இருக்கும். சாரலில் 25 டிகிரி, 95 சதவீதம் என்றால் சுமார் 22 கிராம். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் குளுகுளுவென்று வருகிற அந்தக் காற்று, ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் உள்ளே புகுந்து, காயிலில் போய்ப் பனியாக ஒட்டிக்கொள்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அருவிக்கு வந்த சொந்தக்காரர்கள் வீடு நிறைய இருக்கும்போது கதவு எத்தனை தடவை திறக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இந்தப் பனியைக் கரைக்கக் காயிலுக்கு அடியில் டிஃப்ராஸ்ட் ஹீட்டர் இருக்கிறது. ஆம், ஃப்ரீசருக்குள் ஒரு ஹீட்டர்! குறித்த இடைவெளியில் கொஞ்ச நேரம் எரிந்து பனியை உருக்கும். அந்த ஹீட்டரோ, அதைக் கட்டுப்படுத்தும் சென்சாரோ, பைமெட்டல் சுவிட்சோ கெட்டுப்போனால் பனி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். வெயில் காலத்தில் சமாளித்துவிடுகிற அரைகுறை ஹீட்டர், சாரலில் மாட்டிக்கொள்ளும்.

சாரலில் கதவின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்ப்பது மட்டும் கோளாறு ஆகாது. துடைத்துவிட்டால் போதும்.

*

ஒரு நாள் பொறுத்தால் செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். பிளக்கைப் பிடுங்கி, சாமான்களைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்கு மாற்றி, கதவுகளைத் திறந்துவைத்து, கீழே பழைய வேட்டியை விரித்து 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். ஐஸ் எல்லாம் கரைந்தபின் ஆன் செய்தால் மேல்தட்டு முன்போலக் குளிர்கிறதா? சில நாளில் மறுபடியும் சூடாகிறதா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் டிஃப்ராஸ்ட் பகுதியில்தான். மாற்ற வேண்டியது ஒரு சின்ன உதிரிபாகம். கம்ப்ரசரைத் தொடவே தேவையில்லை.

அவசரப்பட்டுக் கத்தி, ஸ்க்ரூடிரைவர் கொண்டு ஐஸைக் குத்தவே கூடாது. காயில் மெல்லிய அலுமினியக் குழாய். ஒரு குத்து விழுந்தால், இல்லாத கேஸ் கோளாறு நிஜமாகவே வந்துவிடும்.

இன்று பெரும்பாலான வீட்டு ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். ஓசோன் படலத்துக்குக் கேடில்லாதது, ஆனால் தீப்பற்றக்கூடியது. அளவு பெரும்பாலும் 100 கிராமுக்குள்தான். இருந்தாலும் கசிவு என்று தெரிந்தால் ஜன்னலைத் திறந்துவையுங்கள். கேஸைத் தராசில் நிறுத்து ஏற்றுகிற மெக்கானிக்காகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

*

ஃப்ரீசர் தரையில் தண்ணீர் தேங்கிப் பாளமாக உறைகிறதா? கரைந்த நீர் இறங்குகிற ஓட்டை அடைத்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறு பம்பு வைத்து மெதுவாகச் செலுத்தினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

பக்கச் சுவர் சுடுகிறது என்று பயந்து ஆஃப் செய்கிறவர்கள் உண்டு. உள்ளேயிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே விடுகிற குழாய் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகிறது. சுவரோடு ஒட்டிவைக்காமல் கையளவு இடம் விட்டால் போதும்.

கதவு ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. அந்த இடைவெளி வழியே சாரல் காற்று இரவு பகலாக உள்ளே போகும். இந்தக் காந்த ரப்பருக்குப் பின்னால் ஒரு சோகம் உண்டு. முன்பு கொண்டி போட்ட ஃபிரிட்ஜ்களுக்குள் குழந்தைகள் மாட்டி இறந்ததால், உள்ளிருந்து தள்ளினால் கதவு திறக்க வேண்டும் என்று 1956-இல் அமெரிக்காவில் சட்டமே வந்தது.

*

சரி, வாங்கலாமா? நம் சமையலறைக்குக் கீழ் ஃப்ரீசர் வகை பொருத்தம் என்பதே என் கருத்து. ஒரு நாளில் நாம் அதிகம் எடுப்பது மாவுப் பாத்திரம், தயிர், காய்கறி, கருவேப்பிலை. அவையெல்லாம் இடுப்புக்கு மேலே வந்துவிடுகின்றன. மூட்டுவலி உள்ள அம்மாக்கள் காய்கறிப் பெட்டிக்காகக் குனிந்து எழ வேண்டியதில்லை. அதற்கு நேர்மாறாக, தூத்துக்குடி மீனும் கறியும் வாங்கி ஃப்ரீசரை நிறைத்துவைக்கிற வீடு என்றால், குனிவது அங்கே கூடிப்போகும். மேல் ஃப்ரீசரே அவர்களுக்கு நல்லது. விலையும் குறைவு, மாடல்களும் அதிகம்.

கடையில் லிட்டர் கணக்கைக் கேட்டு மயங்க வேண்டாம். ஸ்டார் லேபிளில் மொத்தக் கொள்ளளவும், பொருள் வைக்கப் பயன்படும் கொள்ளளவும் தனித்தனியாக இருக்கும், இரண்டாவதைப் பாருங்கள். நட்சத்திரத்தைவிட அதற்குக் கீழே அச்சிட்ட ஆண்டு யூனிட் முக்கியம். 240 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 40. நமக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கிற 100 இலவச யூனிட்டில் ஐந்தில் இரண்டு பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்ளும். தட்பவெப்ப வகை 'டி' என்று போட்டிருந்தால் 43 டிகிரி வரை தாங்கும். பத்து வருட வாரன்டி என்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். ஃபேனுக்கும் சர்க்யூட் போர்டுக்கும் எத்தனை வருடம் என்று எழுத்தில் கேளுங்கள்.

வீட்டு மாவுப் பாத்திரத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்துகொண்டு போனால் இன்னும் நல்லது.

*

குற்றாலத்தில் சீசனுக்கு வாங்கிய மங்குஸ்தானை ஃபிரிட்ஜில் வைத்தால் ஓடு கல்லாகிவிடும். அதற்கு 13 டிகிரி வாக்கில் போதும். பாவூர்ச்சத்திரம் சந்தைத் தக்காளி நன்றாகப் பழுக்கும்வரை வெளியிலேயே இருக்கட்டும். சின்ன வெங்காயத்துக்கும் உள்ளே இடம் வேண்டாம். புளியங்குடி எலுமிச்சையை மட்டும் மூடிய டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள், வாரக்கணக்கில் சாறு வற்றாது.

*

ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துக் கதை ஒன்று: சென்னை ஐஸ் ஹவுஸ், 1842-இல் அமெரிக்க ஐஸை வைக்கக் கட்டிய கட்டடம். கப்பலில் கடல் தாண்டி வந்த ஐஸ் அது.

*

காற்றுக் காலத்தில் கிளை முறிந்து கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடிய ஃபிரிட்ஜ் பகுதி 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும். கீழ் ஃப்ரீசரின் டிராயர்கள் குளிரைக் கொட்டிவிடாமல் பிடித்துவைப்பது இங்கே நமக்கு லாபம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மெக்கானிக்குக்கு போன் போடும்போது "கூலிங் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். கீழே ஐஸ் உறைகிறதா, பின்தகட்டில் பனி இருக்கிறதா, ஃபேன் சத்தம் கேட்கிறதா என்ற மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். அவர் வந்து "கேஸ் ஏத்தணும்" என்றால், "கசிவு எங்க இருக்கு அண்ணாச்சி?" என்று கேளுங்கள். இடத்தைக் காட்டிய பிறகே பணம் கொடுங்கள்.