பைக்கில் ஃபுளோர்போர்டு மாட்டப் போறீங்களா? முதல்ல பிரேக்கைப் பாருங்க!

குருசுக்குப்பத்தில் கிளம்பி ஈசிஆர் வழியா சென்னை போய்ச் சேர சுமார் 150 கி.மீ. சின்ன ஃபுட்ரெஸ்டிலேயே கால் வைத்துப் போனால் பாதம் மரத்துப் போகும். அதனால்தான் புல்லட், மீட்டியார் வைத்திருக்கும் சிலர் அகலமான ஃபுளோர்போர்டைத் தனியாக வாங்கி மாட்டுகிறார்கள்.

என்ன லாபம்?

முழுப் பாதமும் பதியும். காலை முன்னே பின்னே நகர்த்தலாம். மேலே உள்ள ரப்பர் அதிர்வைக் குறைக்கும்.

எங்கே சிக்கல்?

பிரேக் பெடலின் உயரம் பழைய ஃபுட்ரெஸ்டுக்கு ஏற்றது. போர்டு வந்ததும், மிதிக்க மொத்தக் காலையும் தூக்க வேண்டி வரலாம். 60 கி.மீ. வேகத்தில் அரை நொடி தாமதித்தாலே வண்டி 8 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். பெடல் போர்டில் இடித்தால் பிரேக்கே முழுசா பிடிக்காது. வண்டியை நிறுத்தி வைத்து, கடைசி வரை மிதித்துப் பாருங்க. கியர் லீவரையும் அப்படியே பாருங்க.

எதை வாங்கலாம்?

வளைவில் சாயும்போது போர்டு தரையில் உரசும். அதனால் மேல்நோக்கி மடங்கும் வகை நல்லது. கடலோர உப்புக்காற்றில் சாதா போல்ட் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்க. அதிர்வில் போல்ட் தளரும், சில நாளில் மறுபடி டைட் வையுங்க.

சட்டம் என்ன சொல்லுது?

அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். ஃபிரேமை அறுப்பது, வெல்டிங் வைப்பது வேண்டவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு மாட்டுங்க.