திட்டக்குடி டு ரிச்சி ஸ்ட்ரீட்: தங்கைக்கு பட்ஜெட் கம்ப்யூட்டர்... எந்தப் பாகத்தில் காசு போடலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

தங்கை காலேஜ் சேர்ந்துவிட்டாள். ப்ராஜெக்ட், அசைன்மென்ட் எல்லாவற்றையும் செல்போனிலேயே ஓட்ட முடியாது. மக்காச்சோளம் விற்ற காசில் அப்பா ஒரு தொகை ஒதுக்குகிறார், அண்ணன் சம்பளத்திலிருந்து மீதி. மொத்தம் 40 ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. கடலூர் மாவட்டம் திட்டக்குடி பக்கம் இப்படி ஒரு கணக்குப் போடும் வீட்டுக்கு, இந்த நேரத்தில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் சரிவருமா?

சரிவரும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பாகங்களைத் தனித்தனியாகப் பார்த்து வாங்க நினைப்பவர்கள் தொழுதூர் போய் பஸ் பிடித்து, 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போக வேண்டும். சென்னைக்காரர் தப்பான பாகம் வாங்கிவிட்டால் மறுநாள் சாயந்திரம் போய் மாற்றிக்கொள்ளலாம். திட்டக்குடிக்காரருக்கு அது இன்னொரு நாள் லீவு, இன்னொரு பஸ் டிக்கெட். ஆகவே லிஸ்ட் வீட்டிலேயே முடிவாகிவிட வேண்டும்.

ராம் விலை ஏன் இப்படி ஏறியது?

பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து பட்ஜெட் போட்டவர்களுக்கு முதல் அதிர்ச்சி இங்கேதான். 2025 நடுவில் இருந்த விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ராம் விலை ஏறிவிட்டது. எஸ்எஸ்டியும் விலை கூடியிருக்கிறது. காரணம், ஏஐ டேட்டா சென்டர்கள். உலகத்தின் பெரும்பகுதி மெமரி சிப்களைத் தயாரிப்பது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என மூன்றே நிறுவனங்கள். ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். நம்ம ஊர்க் கடைகளில் பரிச்சயமான ‘க்ரூஷியல்’ பிராண்டு ராம், எஸ்எஸ்டி விற்பனையிலிருந்து விலகுவதாக 2025 டிசம்பர் 3-ம் தேதி மைக்ரானே அறிவித்தது.

அப்படியானால் என்ன செய்வது? 16 ஜிபிதான் நல்லது, சந்தேகமில்லை. ஆனால் அதற்காக மற்ற பாகங்களின் தரத்தைக் குறைப்பது தப்பு. இப்போதைக்கு ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி போதும். இரண்டு 4 ஜிபி வேண்டாம், ஏனென்றால் சின்ன மதர்போர்டுகளில் ஸ்லாட்டே இரண்டுதான். ஒன்று காலியாக இருந்தால், விலை இறங்கும்போது இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளலாம். அப்போது வேகமும் கண்கூடாகக் கூடும்.

ஒரு எழுத்தில் மாறிப்போகும் கணக்கு

இந்த பட்ஜெட்டில் தனி கிராபிக்ஸ் கார்டுக்கு இடமில்லை, தேவையும் இல்லை. படம் பார்க்க, கோடிங் எழுத, எக்செல் போட ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் தாராளம். ஆனால் எல்லா ப்ராசஸரிலும் அது இருக்காது. இன்டெல் ஐ3-12100-ல் இருக்கிறது, ஐ3-12100எஃப்-ல் இல்லை. ஏஎம்டி-யில் ரைசன் 5 5600ஜி-யில் இருக்கிறது, 5600, 5500 இரண்டிலும் இல்லை. இல்லாததுதான் விலை கொஞ்சம் கம்மி. “சூப்பர் ஆஃபர்” என்று வாங்கி வந்து மாட்டினால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், மானிட்டரில் மட்டும் ஒன்றும் வராது.

மதர்போர்டிலும் இதே கதைதான். ஐ3-12100-க்கு ஏற்ற எச்610 போர்டு, டிடிஆர்4 ராமுக்கு ஒன்று, டிடிஆர்5 ராமுக்கு ஒன்று என இரண்டு வகையாக வருகிறது. ஒன்றின் ராம் மற்றொன்றில் நுழையாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. 5600ஜி எடுத்தால் குழப்பமில்லை, அதற்கு டிடிஆர்4 மட்டும்தான்.

ஸ்டோரேஜுக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி. ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் போடும் காலம் முடிந்துவிட்டது.

‘ஃப்ரீ’ எஸ்எம்பிஎஸ் உண்மையில் ஃப்ரீயா?

கேபினட் வாங்கினால் எஸ்எம்பிஎஸ் இலவசம் என்பார்கள். பளபள லைட்டுகளுக்குக் காசு கொடுத்துவிட்டு, மொத்த மெஷினுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியை இலவசத்தில் வாங்குவது நம்ம ஊரில் ரொம்ப சகஜம். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் இதைவிட ஆபத்தான சிக்கனம் கிடையாது. மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். தெரிந்த பிராண்டில், ‘80 பிளஸ்’ முத்திரை உள்ள 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்த மெஷின் சாதாரண வேலைக்கு 100 வாட்கூட எடுக்காது. அதனாலேயே 600 விஏ யுபிஎஸ் ஒன்று போட்டால், கரண்ட் போனாலும் ஃபைலை சேவ் செய்து நிதானமாக ஆஃப் பண்ண நேரம் கிடைக்கும். கேபினட்டில் மிச்சம் பிடித்து இதில் போடலாம்.

“ஐ5 தான் அண்ணே, எடுத்துக்கோங்க”

ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய டெல், எச்பி, லெனோவா டெஸ்க்டாப்கள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஐ5 என்ற பெயரை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள். ஐ5-6500 என்றால் 6-வது தலைமுறை, ஐ5-8500 என்றால் 8-வது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெல்லில் கிட்டத்தட்ட 8-வது தலைமுறையாவது வேண்டும். லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்றால், கோடிங் படிக்கிறவருக்கு ஓகே. தங்கை பி.காம் படித்து டேலி போட வேண்டியிருந்தால் விண்டோஸ்தான் வழி. இன்னொன்று, இந்த பிராண்டட் பெட்டிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் தனி வடிவம். கெட்டுப்போனால் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் உட்காராது.

கடையை விட்டுக் கிளம்பும் முன்

வாங்கிய கடையிலேயே மாட்டச் சொல்லி டிஸ்ப்ளே வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்கட்டும், அட்டைப்பெட்டிகளையும் தூக்கிப் போட வேண்டாம். வாரண்டிக்குப் போகும்போது முதலில் கேட்பது இவற்றைத்தான். விலை குறைந்த போர்டுகளில் பெரும்பாலும் வைஃபை இருக்காது. யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கலாம், அல்லது செல்போனை கேபிளில் இணைத்து நெட் எடுக்கலாம்.

வீட்டில் அக்காவுக்கு ப்ளஸ் டூவில் கிடைத்த பழைய அரசு லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கிறதா? அதன் ராம் டெஸ்க்டாப்பில் பொருந்தாது. ஆனால் உள்ளே இருக்கும் சாட்டா ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், அதே கேபிளில் புது மெஷினோடு இணைத்து போட்டோ, நோட்ஸ் பேக்கப் வைத்துக்கொள்ளலாம். அந்தச் செலவு மிச்சம்.