மெராபி: வளர்ந்து சரியும் மலை

எரிமலை என்றவுடன் செந்நிறக் குழம்பு ஆறாகப் பெருகி ஓடும் காட்சியே பலர் மனத்தில் தோன்றும். ஹவாய்த் தீவின் எரிமலைகளுக்கு அக்காட்சி பொருந்தும். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், யோக்யகார்த்தா நகருக்கு வடக்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் நிற்கும் மெராபிக்கு அது பொருந்தாது. அங்கே ஓடும் குழம்பைவிட, ஓட இயலாது தேங்கும் குழம்பே பேரழிவை விளைவிக்கிறது.

இதற்குரிய காரணம் நிலத்தின் ஆழத்தில் உள்ளது. ஜாவாவின் தெற்கே, கடலடியில், இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு சுந்தா தட்டின் அடியில் அமிழ்கிறது. பாறைக் கனிமங்களுள் பிணைந்த நீரும் அதனுடன் ஆழம் செல்கிறது. வெப்பமும் அழுத்தமும் மிகும்போது அந்நீர் பிரிந்து மேலேறி, மேலுள்ள கவசப் பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. உப்புத் தூவிய பனிக்கட்டி எளிதில் உருகுவதை இதற்கு ஒப்பிடலாம். இவ்வாறு தோன்றும் பாறைக்குழம்பு, மேலேறும் வழியில் சிலிக்கா மிகுந்து பாகெனத் தடிக்கிறது. நீராவி முதலிய வளிகளைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது.

உறைந்த குழம்பும் சாம்பலும் மாறிமாறிப் படிந்து ஏறத்தாழ 2,900 மீட்டர் உயர்ந்த கூம்பாதலின், மெராபியை அடுக்கு எரிமலை என்பர். அதன் உச்சிக்கு வரும் தடித்த குழம்பு வாயிலிலேயே குவிந்து, குவிமாடமாக வளர்கிறது. தன் எடை தாங்காது அது சரியும்போது பல நூறு பாகை வெப்பமுடைய வளியும் சாம்பலும் பாறைத் துண்டுகளும் ஒன்றாய்த் திரண்டு, மணிக்கு 100 கி.மீ.க்கும் மிகுந்த விரைவில் பள்ளத்தாக்குகளில் பாய்கின்றன. சுருண்டு புரளும் அம்முகிலைச் சடைமயிர் ஆட்டுக்கு ஒப்பிட்டு ‘வெடுஸ் கெம்பெல்’ என அழைக்கின்றனர் ஜாவா மக்கள். பெயர் எளியது, அதன் வழியில் அகப்பட்டவர் பிழைப்பது அரிது. 1930ஆம் ஆண்டு வெடிப்பில் ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர்.

2010 அக்டோபரில் மலையின் போக்கு மாறியது. நில அதிர்வுகள் பெருகின; உச்சியின் சரிவு புடைத்தது; வெளியேறும் வளியின் அளவு மிகுந்தது. அறிவியலாளர் அக்டோபர் 25 அன்று எச்சரிக்கையை மிக உயர்ந்த நிலைக்கு உயர்த்தினர். மறுநாளே வெடிப்பு தொடங்கியது. மலையின் காவலராக யோக்யகார்த்தா அரண்மனையால் அமர்த்தப்பட்டிருந்த மரிஜான் என்னும் முதியவர் ஊரை விட்டு அகலவில்லை. 2006ஆம் ஆண்டிலும் அவர் அவ்வாறே மறுத்துப் பிழைத்திருந்தார். இம்முறை அனல் முகில் அவரது ஊரை எட்டியது. அவர் உயிர் துறந்தார். அவரது துணிவைப் பழிப்பது எளிது. ஆனால் பல்லாண்டுகளாகச் சிறுசிறு சரிவுகளையே கண்டு பழகிய ஊரில், முந்தைய பட்டறிவே பாதுகாப்பெனத் தோன்றியதில் வியப்பில்லை.

வெடிப்பு வலுக்க வலுக்க, மக்கள் விலக வேண்டிய எல்லை 10, 15, 20 கி.மீ. என விரிக்கப்பட்டது. நவம்பர் 5 அன்று நிகழ்ந்த பெருவெடிப்பில் அனல் முகில் 15 கி.மீ.க்கு அப்பாலும் பாய்ந்தது. 1872க்குப் பின் மெராபி கண்ட மிகப்பெரிய வெடிப்பு இதுவே. 350க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். முன்னறிவிப்பும் வெளியேற்றமும் 10,000 முதல் 20,000 உயிர்களைக் காத்திருக்கும் என ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

வெடிப்பு ஓய்ந்தபின்னும் இடர் ஓயவில்லை. சரிவுகளில் குவிந்த சாம்பலை மழைநீர் கரைக்க, சேற்றுப் பெருக்கு பாறைகளை உருட்டிக்கொண்டு ஆறுகளில் இறங்கியது. அதனைக் குறிக்கும் ‘லகார்’ என்னும் ஜாவானியச் சொல்லையே இன்று உலகின் எரிமலையியலும் ஆள்கிறது. அப்பெருக்கு கொணரும் மணலை அள்ளி விற்று வாழ்வோரும் அங்கு உளர். சாம்பலால் வளம் பெற்ற சரிவுகளில் உழவும் தொடர்கிறது. 2020 நவம்பரில் எச்சரிக்கை நான்கு நிலைகளுள் மூன்றாம் நிலைக்கு உயர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டு உச்சியில் ஒன்றுக்கு இரண்டாகப் புதிய குவிமாடங்கள் வளரத் தொடங்கின.